அன்சாக் நாளும் மெத்தைத் தள்ளுபடியும்: இறந்த சிப்பாயின் முகத்தை யார் விற்கலாம்?

வேப்பமரத்தடி
21 ஏப்ரல் 2025, இரவு 9.40

இன்று ஈஸ்டர் திங்கள் விடுமுறை. மகளுக்குப் படிக்கும் மேசை வாங்கலாம் என்று மேற்குச் சிட்னியில் ஒரு மரச்சாமான் கடைக்குப் போனோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை. விடியற்கால வானம், அதன் நடுவே கறுப்பு நிழலாக ஒரு சிப்பாய். ஒரு பக்கம் விளிம்பு மடித்த தொப்பி, குனிந்த தலை, குழல் தரையில் படும்படி ஊன்றிய துப்பாக்கி, அதன்மேல் கோத்த இரு கைகள். இறந்த தோழனுக்காகப் படைவீரர்கள் நிற்கும் நிலை அது. அவன் பூட்சுக்குக் கீழே சிவப்பு எழுத்தில்: 'ஈஸ்டர் முதல் அன்சாக் வரை, மெத்தைகளுக்கு 40 சதவீதம் தள்ளுபடி.'

மகளுக்கு ஒன்பது வயது. விடுமுறை விடுவதற்கு முன்புதான் பள்ளியில் அன்சாக் நாளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "அப்பா, கூட இருந்தவர் செத்துப்போனதால்தானே இவர் இப்படி நிற்கிறார்? அதற்கும் மெத்தைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் மேசையும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

புதிதாகக் குடியேறியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் இறங்கின. அந்தப் படையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் 'அன்சாக்'. எட்டு மாதம் மலைச்சரிவில் பதுங்குகுழிகளுக்குள் கிடந்துவிட்டு, டிசம்பரில் இருளோடு இருளாகத் திரும்பிவிட்டன. ஆஸ்திரேலியர் 8,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நியூசிலாந்தர் 2,700 பேருக்கு மேல். தங்கள் மண்ணைக் காத்து நின்ற துருக்கியத் தரப்பில் 80,000 பேருக்கு மேல். தோற்றுப்போன படையெடுப்பு அது. மறு ஆண்டு இதே தேதியில் மக்கள் கூடியது அழுவதற்காக.

அன்று இந்த நாட்டின் மக்கள்தொகை 50 லட்சத்தைக்கூட எட்டவில்லை. முதல் உலகப் போர் முடிவதற்குள் 60,000 பேர் போய்விட்டார்கள். போர்க்களத்தில் விழுந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம் அப்போது இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சிற்றூரிலும் முச்சந்தியில் பெயர் பொறித்த கல் நிற்கிறது. உடல் கிடைக்காத தாய்க்கு அந்தக் கல்தான் கல்லறை. நடுகல் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கல்லின் மேல் விலைச்சீட்டு ஒட்டியதைப் போல இருந்தது எனக்கு. நான் அளவுக்கு மீறி வருத்தப்படுகிறேனா? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சட்டப்புத்தகம்
21 ஏப்ரல் 2025, இரவு 10.25

அளவுக்கு மீறவில்லை. நீங்கள் பார்த்தது சட்டப்படியே தவறாக இருக்கக்கூடும்.

'அன்சாக்' என்ற சொல்லைக் காக்க இங்கே தனி விதிகள் இருக்கின்றன. 1921இல் வந்தவை, இன்றும் நடப்பில் உள்ளவை. வணிகத்திலோ பொழுதுபோக்கிலோ கட்டடப் பெயரிலோ இந்தச் சொல்லையோ, இதைப் போன்று ஒலிக்கும் சொல்லையோ பயன்படுத்த, முன்னாள் படைவீரர் நலத்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும். மீறினால் 12 மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

இந்த விதிகளுக்கு ஒரு முன்கதை உண்டு. கலிப்போலியிலிருந்து இறந்தவர்களின் பட்டியல்கள் வந்துகொண்டிருந்த நாளிலேயே இங்கே கடைகளுக்கும் பண்டங்களுக்கும் அந்தப் பெயரைச் சூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மக்கள் கொதித்ததால் போர்க்காலச் சட்டத்தின் கீழ் 1916இலேயே தடை வந்தது. ஆகவே நீங்கள் பார்த்த பதாகையின் வயது நூறு ஆண்டுகளுக்கு மேல். அதன் மீதான கோபத்தின் வயதும் அதுவே.

பிஸ்கட்டுக்கு மட்டும் விலக்கு. ஓட்ஸ், தேங்காய்த்துருவல், பாகு சேர்த்து முட்டை இல்லாமல் செய்யும் அந்தப் பழைய பக்குவத்தை விட்டு விலகாமல் இருந்தால் 'அன்சாக் பிஸ்கட்' என்று விற்கலாம். 'அன்சாக் குக்கி' என்று விற்கக் கூடாது. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. ஒரு சொல்லை அடுக்களையில் தாய்மார் எப்படிச் சொன்னார்களோ அப்படியே விட்டுவைப்பதும் ஒரு மரியாதைதான்.

ஆனால் சட்டம் காப்பது சொல்லை மட்டும். அந்த நிழலுருவத்தையும், குனிந்த தலையையும் காக்க விதி எதுவும் இல்லை. பதாகையில் சொல்லும் இருப்பதால் துறைக்கு எழுதுங்கள். படம் எடுத்தீர்களா?

வண்ணத்தூரிகை
22 ஏப்ரல் 2025, காலை 7.05

பதினான்கு ஆண்டுகள் விளம்பரத் துறையில் வடிவமைப்பாளராக இருந்தேன். இப்படிப்பட்ட பதாகை எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆண்டு முழுவதற்குமான விற்பனை நாட்காட்டி ஒன்று சுவரில் தொங்கும். கோடை முடிவு, பள்ளித் திறப்பு, காதலர் தினம், ஈஸ்டர். அதன் பிறகு மே மாத இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். ஈஸ்டர் முட்டைக்கும் அன்னையர் தினப் பூங்கொத்துக்கும் நடுவே சில வாரம் வெறுமையாகக் கிடக்கும். அந்த இடைவெளியில் ஒரே ஒரு சிவப்பு எழுத்துத் தேதிதான் இருக்கும். கூட்டத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஒருவர், "இங்கே என்ன செய்யலாம்?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதன் பிறகு அது இறந்தவர்களின் நாளாக இருக்காது, நிரப்ப வேண்டிய கட்டமாகிவிடும்.

2015 நினைவிருக்கிறதா? கலிப்போலி நூற்றாண்டு. ஏப்ரல் நடுவில் வூல்வொர்த்ஸ் பேரங்காடி நிறுவனம் ஒரு இணையப் பக்கம் திறந்தது. போரில் இறந்த உங்கள் குடும்பத்தாரின் படத்தை ஏற்றினால், அதன்மேல் 'மறவோம், 1915-2015' என்ற வரி, கூடவே 'நம் நினைவில் ஃப்ரெஷ்ஷாக' என்று பொருள்படும் வாசகம், அடியில் கடையின் சின்னம். 'ஃப்ரெஷ்' என்பது அந்தக் கடை காய்கறிக்கும் இறைச்சிக்கும் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் சொல். அதைக் கொண்டுபோய் பத்தொன்பது வயதில் செத்தவனின் நெற்றியில் ஒட்டினார்கள். மக்கள் பொங்கினார்கள். அமைச்சர் மைக்கேல் ரொனால்ட்சன், தன்னிடம் அனுமதி கேட்கவே இல்லை என்று சொல்லி நிறுத்தச் சொன்னார். சில மணி நேரத்துக்குள் பக்கம் மறைந்தது. அதே மாதம் டார்கெட் கடைகளில் கலிப்போலி பெயரில் விற்பனைக்கு வைத்திருந்த சட்டை, குல்லாய் போன்ற சரக்குகள் சிலவும் அமைச்சர் கேட்டுக்கொண்டதால் விலக்கப்பட்டன. 'பிராண்ட்', 'அன்சாக்' இரண்டையும் ஒட்டி 'பிராண்ட்ஸாக்' என்று ஒரு கசப்பான சொல்லே அந்த ஆண்டு புழங்கியது.

அந்த ஆண்டு நானும் ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு சுவரொட்டி வரைந்தேன். பாப்பிப் பூ வயலும் ஒரு வண்டியும். அச்சுக்குப் போகும் முன்பே யாரோ நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது நான் இல்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

ஓரப்பார்வை
22 ஏப்ரல் 2025, மதியம் 12.50

மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

மெத்தைக் கடை செய்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பணத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 1995 முதல், பெருந்தொற்று வந்த 2020 தவிர, ஒவ்வொரு அன்சாக் நாளிலும் மெல்பர்ன் மைதானத்தில் எசென்டன், காலிங்வுட் அணிகள் கால்பந்து ஆடுகின்றன. முதல் ஆட்டத்துக்கே 94,000 பேருக்கு மேல் வந்தார்கள். டிக்கெட் விற்பனை, தொலைக்காட்சி உரிமை, விளம்பரப் பலகை எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் ஒற்றை ஊதுகொம்பு ஒலிக்கும்போது அந்த மாபெரும் கூட்டம் மூச்சு விடாமல் நிற்கும். இறந்த வீரர்களுக்காக ஊதும் 'லாஸ்ட் போஸ்ட்' இசையை என் மகன் முதன்முதலில் கேட்டது அங்கேதான். விடியற்கால வழிபாட்டுக்கு அவன் என்னோடு வந்ததே அதற்குப் பிறகுதான்.

விக்டோரியா பிட்டர் பீர் நிறுவனம் 2009இல் ஒரு நன்கொடை இயக்கம் தொடங்கியது. அந்தப் பணம் முன்னாள் படைவீரர் சங்கமான ஆர்.எஸ்.எல். அமைப்புக்கும், போரில் இறந்தோரின் மனைவி மக்களைப் பார்த்துக்கொள்ளும் லெகசிக்கும் போனது. படைத் தளபதியாக இருந்த பீட்டர் காஸ்குரோவே அந்த விளம்பரத்தில் தோன்றினார். அவரைவிடச் சிப்பாயின் மனம் அறிந்தவர் நம்மில் யார்?

நடுகல்லைச் சொன்னீர்கள் வேப்பமரத்தடி. நம் முன்னோர் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, கள்ளும் படைத்தார்கள். குடி அங்கேயும் இருந்தது.

முருங்கைப்பூ
22 ஏப்ரல் 2025, மாலை 6.15

கள் படைத்தவன் கலயத்தில் தன் கடையின் பெயரை எழுதவில்லை, சகோதரரே.

இரவுப்பணி
23 ஏப்ரல் 2025, காலை 8.30

இரவு வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். தூங்கும் முன் இதை எழுதிவிட வேண்டும்.

பதினோரு ஆண்டுகளாக முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். எங்கள் பிரிவில் வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒருவர் இருந்தார். அன்சாக் நாளன்று காலையில் சவரம் செய்து, பதக்கங்களை இடப்பக்கம் குத்திக்கொண்டு, தொலைக்காட்சி முன் உட்காருவார். (சொந்தப் பதக்கம் என்றால் இடப்பக்கம், இறந்த தந்தை, தாத்தாவின் பதக்கம் என்றால் வலப்பக்கம்.) வழிபாடு முடிந்ததும் விளம்பரம் வரும். கோப்பையை உயர்த்தச் சொல்லும் விளம்பரம். அவர் எழுந்து போய்விடுவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "என்னோடு போனவர்களில் எதிரியிடம் தப்பிப் புட்டியிடம் செத்தவர்களை எனக்குத் தெரியும்" என்றார்.

ஓரப்பார்வை அண்ணா, அந்தப் பணம் நல்ல இடத்துக்குப் போகிறது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். லெகசிக்காரர் ஒருவர் எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டியைப் பார்க்க மாதம் தவறாமல் வருகிறார். கணவர் போய் அறுபது ஆண்டுக்கு மேலாகிறது, இன்னும் வருகிறார்கள். 1923 முதல் இப்படித்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். இறந்துகொண்டிருந்த தோழனிடம் 'உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்ன வாக்கு அது என்பார்கள்.

ஆனால் இந்த எண்ணைப் பாருங்கள்: 1,677. படைவீரர் தற்கொலைகளை விசாரித்த அரச ஆணையம் 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை தந்தது. 1997 முதல் 2021 வரை, படையில் இருந்தவர்களும் விலகியவர்களுமாகத் தற்கொலை செய்துகொண்டோர் குறைந்தது 1,677 பேர். அதே காலத்தில் களத்தில் இறந்தவர்களைவிட இருபது மடங்குக்கு மேல். அதே ஆணையத்தின் 2022 இடைக்கால அறிக்கை, உதவித்தொகை விண்ணப்பங்கள் 41,000க்கு மேல் கையே படாமல் கிடப்பதாகச் சொன்னது. மனு போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த மனிதனின் நிழலுருவம் எந்தப் பதாகையிலாவது இருக்கிறதா?

இதைப் படிப்பவர்களில் படையில் இருந்தவர்களோ அவர்கள் குடும்பத்தாரோ இருந்தால், ஓப்பன் ஆர்ம்ஸ் என்ற ஆலோசனைச் சேவை இலவசமாக இருக்கிறது. எந்த நேரத்திலும் அழைக்கலாம். தயங்காதீர்கள்.

கடைக்காரர் மகள்
23 ஏப்ரல் 2025, மாலை 5.40

நான் ஒரு மளிகைக் கடையில் வளர்ந்தவள். அப்பா அம்மா 26 ஆண்டுகளாக நடத்துகிறார்கள். அதனால் 'வியாபாரி' என்ற சொல் இந்த இழையில் வரும்போதெல்லாம் கொஞ்சம் சுடுகிறது.

முதலில் ஒரு செய்தி. இந்த ஆண்டு முதல் நியூ சவுத் வேல்ஸில் பெரிய கடைகள் அன்சாக் நாள் முழுவதும் மூடியிருக்க வேண்டும். இதுவரை மதியம் 1 மணி வரை மூடிவிட்டுத் திறப்பார்கள். சென்ற ஆண்டு சட்டம் மாற்றினார்கள். ஆர்.எஸ்.எல். அமைப்பே கேட்டுக்கொண்டதுதான் இது. சிறு கடைகளுக்கு விலக்கு இருக்கிறது. எங்கள் அப்பா விலக்கு இருந்தும் 1 மணி வரை திறப்பதில்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. 'எழவு வீடு இருக்கும் தெருவில் காலையில் கடை திறப்போமா?' என்று கேட்பார். ஊரில் சாவு விழுந்தால் பாதிக் கதவை மூடிவைக்கும் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் பேரங்காடியில் மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்யும் மாணவர்களையும் நினைத்துப் பாருங்கள். பொது விடுமுறை நாளில்தான் அவர்களுக்குக் கூலி கூடுதலாகக் கிடைக்கும். என் தோழிக்கு இந்த வெள்ளிக்கிழமை வேலை இல்லை, கூலியும் இல்லை. அவள் வீட்டு வாடகைக்கு அது பெரிய தொகை. மரியாதையின் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

இன்னொன்று. எங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஏப்ரல் மாதம் ஒரு தகர உண்டியலும், சட்டையில் குத்தும் சின்னங்கள் வைத்த அட்டையும் இருக்கும். மக்கள் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்வார்கள். மாதக் கடைசியில் ஒரு முதியவர் வந்து எண்ணி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார். அதுவும் விற்பனைதான். அது ஏன் யாருக்கும் உறுத்துவதில்லை? நான் உண்மையாகவே கேட்கிறேன்.

வேப்பமரத்தடி
23 ஏப்ரல் 2025, இரவு 8.10

அருமையான கேள்வி, தங்கச்சி. நாள் முழுவதும் இதையே யோசித்தேன்.

உங்கள் கடை உண்டியலில் விழும் காசில் ஒன்றுகூட உங்கள் கல்லாவுக்குப் போவதில்லை. சின்னம் வாங்குபவர் சின்னத்துக்காக வாங்குவதில்லை. எண்ணி எடுத்துப் போகிற முதியவர் கணக்குச் சொல்கிறார். மெத்தைக் கடையில் அந்தச் சிப்பாய் நின்றதால் கூடுதலாக விற்ற ஒவ்வொரு மெத்தையின் லாபமும் கடைக்குத்தான். அவனுடைய துக்கம் அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்கிறது.

ஆகவே எனக்குத் தோன்றும் அளவுகோல் இரண்டு. காசு யாரிடம் போய்ச் சேருகிறது? அந்தக் குடும்பத்தார் எதிரில் நின்றால் பதாகையை அங்கேயே விட்டுவைக்க முடியுமா? பீர் விளம்பரம் முதல் கேள்வியில் ஓரளவு தேறும். இரண்டாவதில், மேலே தாதி அக்கா எழுதியதைப் படித்தபின், எனக்குத் தேறவில்லை.

பழைய சிப்பாய்
23 ஏப்ரல் 2025, இரவு 11.55

வணக்கம். வேலூர்ப் பக்கம் என் ஊர். இந்தியத் தரைப்படையில் 24 ஆண்டுகள். இப்போது பிரிஸ்பேனில் மகன் வீட்டில் இருக்கிறேன். தம்பிகள் பேசுவதைப் படித்துவிட்டு உறக்கம் வரவில்லை.

1915 ஏப்ரல் 25 அன்று அதே கரையில் இந்தியர்களும் இறங்கினார்கள் என்பதை இங்கே யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். கோஹாட் 21ஆம் மலைப்பீரங்கிப் படை, ஜேக்கப்ஸ் 26ஆம் மலைப்பீரங்கிப் படை. அன்று அன்சாக் கரையில் முதலில் முழங்கிய பீரங்கிகள் இந்தியக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறி வந்தவை. பஞ்சாப் முஸ்லிம்களும் சீக்கியரும் அதை இழுத்துப் போனார்கள். தண்ணீரும் ரொட்டியும் குண்டும் மலைமேல் ஏற்றியவர்கள் இந்தியக் கழுதைப் படையினர். 14ஆம் சீக்கியப் படை ஜூன் 4ஆம் தேதி ஒரே நாளில் தன் ஆட்களில் பெரும் பகுதியை இழந்தது. கூர்க்காக்கள் ஆகஸ்டில் முகடு ஏறினார்கள். எல்லாமாக 15,000க்குக் குறையாத இந்தியர்கள் அந்தப் போரில் இருந்தார்கள்.

கடைக்காரன் பதாகையில் ஒரே ஒரு உருவம்தான் இருக்கும். மடித்த தொப்பி. தலைப்பாகை வராது. கழுதை ஓட்டியவன் வரமாட்டான். துருக்கியன் வரவே மாட்டான். எந்த முகத்தைப் பார்த்தால் வாடிக்கையாளர் பர்ஸைத் திறப்பாரோ அந்த முகம் மட்டும் நினைவில் நிற்கும், மற்றது தேய்ந்துவிடும். எனக்கு இதில் வலிப்பது காசைவிட இதுதான்.

இந்தியாவிலும் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள் என்று உண்டு. 1949 முதல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் சிறு கொடியைக் கொடுத்து நிதி திரட்டுவார்கள். அந்த நிதியிலிருந்து உதவி பெற்ற விதவைகளை எனக்கு நேரில் தெரியும். உண்டியலைக் குறை சொல்லாதீர்கள். அந்தத் தங்கச்சியின் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

முருங்கைப்பூ
24 ஏப்ரல் 2025, காலை 6.50

ஐயா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். முதல் உலகப் போரில் இந்த மண்ணின் பூர்வகுடிகள் 1,000 பேருக்கு மேல் சேர்ந்து போரிட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு நிலம் கொடுத்த திட்டத்தில் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை. சில ஊர்களில் ஆர்.எஸ்.எல். மன்றத்தின் வாசலுக்குள்ளேயே விடவில்லை. அவர்களுடைய மண்ணைக் காக்க வெள்ளையரோடு நடந்த எல்லைப் போர்களில் விழுந்தவர்களுக்கு முச்சந்தியில் கல் எங்கே?

இனி என் சொந்தக் கதை. நான் வன்னியில் பிறந்தவள், மெல்பர்னில் இருக்கிறேன். என் மாமாவுக்குக் கல் ஒன்று இருந்தது. 2009க்குப் பிறகு அந்தத் துயிலும் இல்லத்தை இயந்திரம் கொண்டு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கார்த்திகையில் அம்மம்மா வீட்டுக்குள்ளேயே, ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கேற்றுவார். வெளியே வெளிச்சம் தெரியக் கூடாது. இயக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு கருத்து. அதை இங்கே பேச வரவில்லை. அம்மம்மாவுக்கு அவன் பிள்ளை.

இந்த நாட்டில் வெளிச்சம் போட்டு அழலாம். ஊர்வலம் போகலாம். அரசே விடுமுறை விடுகிறது. அந்தக் கொடுப்பினையை மெத்தை விற்கப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபத்தைவிட அம்மம்மாவின் ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது.

சட்டப்புத்தகம்
24 ஏப்ரல் 2025, காலை 10.20

முருங்கைப்பூ, படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

மெத்தைக் கடையோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். கான்பெராவில் நான் வசிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். சுமார் 50 கோடி டாலர் என்று 2018இல் அறிவித்த விரிவாக்கம், பிறகு இன்னும் கூடியது. அந்த நினைவகம் ஆண்டுகணக்கில் லாக்கீட் மார்ட்டின், பி.ஏ.இ. சிஸ்டம்ஸ், தாலெஸ் போன்ற ஆயுத நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர்களும் மருத்துவர்களும் வரலாற்றாசிரியர்களும் எதிர்த்து எழுதினார்கள். தொகை பெரிதல்ல, நினைவகத்தின் செலவில் ஒரு துளிதான். அப்படியிருக்க எதற்காக வாங்க வேண்டும்? தருகிறவர் எதற்காகத் தருகிறார்? இறந்தவர்களின் பெயர்ச்சுவரின் நிழலில் தன் பெயரும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பிஸ்கட் விற்பவர் 'குக்கி' என்று எழுதினால் கடிதம் வரும். ஏவுகணை விற்பவர் நன்கொடை கொடுத்தால் நன்றிக் கடிதம் வரும். இரண்டும் சட்டப்படி சரி. இதுதான் என்னை வாட்டுகிறது.

ஆர்.எஸ்.எல். மன்றங்களையும் சொல்ல வேண்டும். சின்னம் விற்கும் முதியவர்கள் இருக்கும் கிளைகள் வேறு, அந்தப் பெயரைத் தாங்கிய கேளிக்கை மன்றங்கள் வேறு. பலருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அந்த மன்றங்களில் மாலை 6 மணிக்கு விளக்கை மங்கவைத்து, 'மறவோம்' என்று எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிறகு உட்கார்ந்து சூதாட்ட இயந்திரத்தில் காசு போடுவார்கள். அன்சாக் நாளன்று காசு சுண்டி ஆடும் 'டூ-அப்' ஆட்டத்தை நான் இதில் சேர்க்க மாட்டேன். அது சிப்பாய்கள் தாங்களே ஆடிய ஆட்டம். இயந்திரம் வேறு. அதில் ஓய்வூதியத்தைத் தொலைத்த முன்னாள் சிப்பாய்கள் உண்டு.

ஓரப்பார்வை
24 ஏப்ரல் 2025, மதியம் 1.15

தாதி தங்கையின் பதிவை நேற்று மூன்று முறை படித்தேன். பீர் விளம்பரத்தைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் பெரியப்பா குடித்தே போனவர். எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை என்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கால்பந்து ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1960களிலும் 70களிலும் அன்சாக் நாள் மங்கிக்கொண்டே வந்தது. வியட்நாம் போர் வெறுப்பு வேறு. இது கடைசிக் கிழவனோடு போய்விடும் என்றே நினைத்தார்கள். கலிப்போலியில் நின்றவர்களில் கடைசியானவரான அலெக் கேம்ப்பெல் 2002இல் 103 வயதில் மறைந்தார். ஆனால் நாள் மறையவில்லை. கூட்டம் கூடியது. அதில் மைதானத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு.

வேப்பமரத்தடி
24 ஏப்ரல் 2025, மதியம் 2.00

பங்கு இருக்கலாம், அண்ணா. எனக்குத் தெரிந்தவரை திருப்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1990இல் பிரதமர் பாப் ஹாக், எஞ்சியிருந்த முதியவர்களை விமானத்தில் கலிப்போலிக்கு அழைத்துப் போனார். சக்கர நாற்காலியில் அந்தக் கிழவர்கள் கரையைப் பார்த்து நின்ற காட்சியில்தான் ஒரு தலைமுறை திரும்பி வந்தது. அங்கே விற்பதற்கு ஒன்றும் இல்லை.

கூட்டம் கூடினால் மட்டும் போதுமா என்றும் கேட்க வேண்டும். 2005இல் அதே கரையில் விடியலுக்குக் காத்திருந்தவர்களுக்காகப் பெரிய திரையில் பாப் இசை போட்டார்கள். காலையில் கல்லறைகளுக்கு நடுவே குப்பை மலையாகக் கிடந்தது. அதே ஆண்டு கூட்டம் வந்துபோகச் சாலையை அகலப்படுத்தத் தோண்டியதில் எலும்புகள் வெளிப்பட்டன என்று பெரிய சர்ச்சை எழுந்தது. நினைவுகூர வந்தவர்களுக்காக, நினைவுகூரப்படுபவனின் எலும்பையே கிளறியிருக்கிறோம். 2015இல் 10,500 பேர் மட்டும் என்று குலுக்கல் வைத்து அனுமதித்தார்கள். அதுவே சரி என்று நினைக்கிறேன்.

வண்ணத்தூரிகை
24 ஏப்ரல் 2025, மாலை 4.30

கடைக்கு மறுபடி போனீர்களா?

வேப்பமரத்தடி
24 ஏப்ரல் 2025, இரவு 7.45

போனேன். இன்று வேலை முடிந்து நேரே அங்கேதான்.

மேலாளர் இளைஞர். மரியாதையாகப் பேசினார். பதாகை தலைமை அலுவலகத்திலிருந்து வந்ததாம், எல்லாக் கிளைகளிலும் இருக்கிறதாம், தன்னால் எடுக்க முடியாதாம். சட்டம் இருப்பதைச் சொன்னேன். அவருக்குத் தெரியாது. "வாடிக்கையாளர்கள் இதை மரியாதை என்று நினைப்பார்கள் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. படம் எடுத்துக்கொண்டு, துறைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நான் கிளம்பும்போதும் அந்தச் சிப்பாய் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தான்.

நாளை விடியற்காலை எங்கள் பகுதி நினைவுக்கல்லுக்குப் போகிறோம். மகளும் வருகிறாள். ஏதாவது சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும் என்கிறாள். சின்னம் விற்பவர் ரயில் நிலையத்தில் இன்று இல்லை.

இரவுப்பணி
24 ஏப்ரல் 2025, இரவு 8.20

என் வீட்டுப் பின்பக்கம் ரோஸ்மேரி ஒரு வேலி முழுவதும் இருக்கிறது. கலிப்போலி மலைச்சரிவில் தானாக வளரும் செடி. அன்சாக் நாளுக்கு அதைத்தான் குத்திக்கொள்வார்கள், பாப்பிப் பூ நவம்பர் 11க்கு. ஒவ்வொரு ஆண்டும் முந்தைய இரவு விரற்கடை நீளத்துக்குக் கொத்துக் கொத்தாக நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போவேன். கேட்பவர்களுக்குக் கொடுப்பேன். போன ஆண்டு 60 கொத்து கொண்டுபோனேன், வழிபாடு தொடங்கும் முன்பே தீர்ந்துவிட்டது. காசு கொடுக்க வருபவர்களை உண்டியல் பக்கம் அனுப்பிவிடுவேன்.

இன்று எனக்கு இரவு வேலை இல்லை. உங்கள் மகளுக்கு ஒன்று எடுத்துவைக்கிறேன். எந்த நினைவுக்கல் என்று தனிமடலில் சொல்லுங்கள்.

கடைக்காரர் மகள்
24 ஏப்ரல் 2025, இரவு 8.35

அக்கா, எனக்கும் அப்பாவுக்கும் இரண்டு. அந்த ஐயாவின் வணக்கத்தைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. நாளை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இருபத்தாறு ஆண்டில் இதுவே முதல் முறை.

வேப்பமரத்தடி
24 ஏப்ரல் 2025, இரவு 8.50

தனிமடல் அனுப்பிவிட்டேன், அக்கா. ஐந்து மணிக்கு முன்பே வந்துவிடுவோம். மகள் ஊசி தேடிக்கொண்டிருக்கிறாள்.